நகை முதலில், பத்மினி பிறகு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: துபாய் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் வீட்டு முற்றத்தில் அப்பா ஓட்டிய 1988 மாடல் பிரீமியர் பத்மினி கார் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. அப்பா இப்போது இல்லை. மாசாமாசம் கொஞ்சம் அனுப்பி அதை ஓட வைக்க ஆசை. மனைவியோ, "முதல்ல மாடி எடுங்க" என்கிறார். ஷார்ஜாவில் இருந்துகொண்டே தக்கலை வீட்டில் ஒரு பத்மினியை எழுப்பி நிறுத்தியவன் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். காசு அனுப்புவதுதான் நம் வேலை. வண்டியைக் கட்டுவது ஊரில் இருப்பவர்கள். ஒர்க்ஷாப்பில் போய் நிற்பது, ஸ்பேர் கடைக்கு அலைவது, "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்புவது எல்லாம் உங்கள் மனைவி தலையிலோ மச்சினன் தலையிலோதான் விழும். அவர்கள் மனசார சரி என்று சொல்லும்வரை தார்ப்பாயைத் தூக்க வேண்டாம். மச்சினனை சும்மா ஓடவிடவும் கூடாது. பெட்ரோல் காசாவது மாசம் தவறாமல் அவன் கைக்குப் போகணும்.

பணத்தில் என் கணக்கு கொஞ்சம் கறாரானது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வைத்த நகை பேங்கில் அடகில் இருக்கும்வரை காருக்கு ஒரு ரூபாய் கிடையாது. நகையை மீட்ட பிறகும் ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், அம்மாவின் மருந்து எல்லாம் போகட்டும். ஓவர்டைம் காசு மட்டும் வண்டிக்கு என்று ஒதுக்குங்கள். அதை மனைவி பெயரில் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், எடுப்பதும் அவர் கையால் நடக்கட்டும். மாடி எடுப்பது என்று முடிவானால் அந்த வருஷம் காரைத் தொடாதீர்கள். கொத்தனாரும், காரின் தகடு வேலை பார்க்கும் டிங்கரும் ஒரே மாசத்தில் வாசலில் வந்து நின்றால் வளைகுடாச் சம்பளம் எந்த மூலைக்கு?

மாசாமாசம் ஒர்க்ஷாப்புக்கு அனுப்புவது என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படிப் போகும் வண்டி வருஷக்கணக்கில் அங்கேயேதான் நிற்கும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பேசுங்கள். பிரேக் வேலை இவ்வளவு, முடிந்ததும் பணம். அடுத்ததை அப்புறம் பேசலாம். மெக்கானிக் ஒரு தொகை சொன்னால் அதில் பாதியையும் மேலே சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்பானர் பிடிப்பதற்கு முன்னால் காகித வேலை இருக்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகமான ஆர்சி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அக்காவோ தங்கச்சியோ இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். இரண்டு லட்சம் செலவழித்து வண்டி பளபளவென்று நிற்கும்போது போய்க் கேட்காமல் துருப்பிடித்துக் கிடக்கும்போதே கேட்டுவிடுவது குடும்பத்துக்கு நல்லது. 20 வருஷம் தாண்டிய காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது வெறும் 600. பசுமை வரி வேறு. வின்டேஜ் என்று பதிந்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், பதிந்தாலும் அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. உங்களுக்கு அது ஆகாது.

இனி வண்டிக்கு வருவோம். எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பார்கள். பத்மினியின் 1089 சிசி எஞ்சின் எளிமையானது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாலே பாதி வழிக்கு வந்துவிடும். ஆபத்து கீழே இருக்கிறது. இதற்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, கூடவே கடல் காற்றில் உப்பு. முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் கால்மிதிக்கு அடியில் தேங்கி நிற்கும். மச்சினனைக் கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்தச் சொல்லுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே போனால் வெல்டிங் வேலை இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓரப்பகுதியையும் அதேபோல் குத்திப் பார்க்கணும்.

டிங்கரிங் முடிந்தது என்று ஒர்க்ஷாப்பில் சொன்னதும் போட்டோ கேட்டுத் திருப்திப்படாதீர்கள். பெயிண்டுக்கு முன் மேடு பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைப் போடுவதற்கு முன் வெறும் இரும்பை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பட்டி போட்ட பிறகு என்றால் ஒரு சின்னக் காந்தம் போதும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டியை அப்பி ஓட்டையை மூடிய இடத்தில் நழுவி விழும். எங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனையை நடத்தியது என் மனைவி, உங்கள் மைனிதான், ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போய். அதற்குப் பிறகு டிங்கர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு நேராக அவளிடமே பேச ஆரம்பித்தார்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் இறுகிப்போயிருக்கும். பிள்ளைகளை ஏற்றப்போகும் வண்டி என்பதால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்பேர் வாங்குவது வரவரக் கஷ்டம். 2001-ஓடு தயாரிப்பு நின்றுபோன வண்டி. பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓய்ந்துவிட்டது. டாக்ஸி ஓடிய காலத்துப் பழைய சரக்கு கிடைக்கும்போது ரப்பர் சாமான்களையும் பிரேக் கிட்டையும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய ஸ்பேர் கடைகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். அங்கே ஜப்பான் வண்டிச் சாமான் மலையாகக் கிடக்கும், நமக்கு ஆவது ஒன்றும் இல்லை. நல்ல சாக்கெட் செட் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள், போதும்.

நேரம் என்றால் நமக்கு வருஷத்தில் 30 நாள் லீவு. திருவனந்தபுரத்தில் இறங்கி, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், கல்யாணம் காட்சி பார்த்து முடிப்பதற்குள் பாதி போய்விடும். டிசம்பரில் போனால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் கிறிஸ்துமஸும் சேர்ந்துகொள்ளும். அந்த மழை ஈரத்தில் பெயிண்ட் அடித்தாலும் மங்கிப்போகும். பெயிண்ட் வேலைக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை உலர்ந்த காலம்தான் சரி. நீங்கள் இல்லாமலே அது நடக்கலாம். லீவை ஸ்கூல் அடைக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கு வையுங்கள். காலையில் மூன்று மணி நேரம் வண்டிக்கு, மகனையும் கூடவே உட்கார வைத்து. சாப்பாட்டுக்குப் பிறகு கையைக் கழுவிவிட்டால் அன்றைக்குத் திரும்பத் தொடக் கூடாது.

கடைசியாக ஃபோன். என் அறையில் முன்பு குளச்சல்காரர் ஒருவர் இருந்தார். அவரும் ஊரில் ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி வீட்டுக்குக் கூப்பிட்டால் முதல் பேச்சே "டிங்கர் வந்தானா?" என்பதுதான். ஒருநாள் அவர் மனைவி சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, காய்ச்சல் பிள்ளைக்குத்தான்." ஷார்ஜா ரோட்டு நெரிசலில் தினமும் போகிற நேரம் போக வீட்டோடு பேச நமக்கு மிஞ்சுவது கொஞ்சம். வண்டிப் பேச்சை ஞாயிற்றுக்கிழமை மச்சினனிடம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் மனைவியாக எடுத்தால் பேசலாம், நீங்களாக எடுக்க வேண்டாம்.

இப்போதைக்கு அக்கா தங்கச்சியிடம் பேசுவது, ஆர்சி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வது, கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பது. இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை, நகை மீளும்வரை இது போதும். கலர் பற்றி மட்டும் இப்போதே வாயைத் திறக்காதீர்கள். அதை உங்கள் வீட்டில் எப்போதோ முடிவு செய்து வைத்திருப்பார்கள்.