பெக்கிங் மாற்றி ஒழுக்கு நிற்காது: ஆலையின் நீராவிக் குழாய்க்கு நகர இடம் வேண்டும்

கேள்வி: சம்மாந்துறையில் நெல் அவிக்கும் ஆலையொன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உமி எரிக்கும் பொயிலர், 7 பார் அழுத்தம். 3 அங்குலக் குழாய் பொயிலரிலிருந்து அரை மீட்டர் எழும்பி, ஒரு எல்போ திரும்பி, நேரே 30 மீட்டர் போய் அவிக்கும் தொட்டியில் முடிகிறது. பொயிலர் பக்கப் பிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகட்டில்) எத்தனை பெக்கிங் மாற்றினாலும் ஒழுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது எல்போ வெல்டிங்கிலும் வெடிப்பு. வெல்டர் தடித்த குழாய் போடச் சொல்கிறார், சாமான் விற்பவர் பெலோஸ் (நீட்சியை வாங்கும் நெளிவு இணைப்பு) போடச் சொல்கிறார். கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க வேண்டுமா?

பதில்: வெடித்த வெல்டிங்கோடு நீராவி திறக்க வேண்டாம். பெரும்போக நெல் வந்து குவிந்திருந்தாலும் சரி, அந்தக் குழாயை நிறுத்திவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் குழாயை வருத்துவது அழுத்தம் அல்ல, சூடு. 7 பார் அழுத்தத்தால் 3 அங்குல, 40ஆம் ஷெட்யூல் (வழக்கமான சுவர்த் தடிப்பு) குழாயின் சுவரில் வரும் தகைவு (இரும்புக்குள் ஏற்படும் இழுவிசை, ஸ்ட்ரெஸ்) 6 மெகாபாஸ்கல் அளவுதான். அது ஒன்றுமே இல்லை. ஆனால் 7 பாரில் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 170 பாகை. நமது பக்கத்து 30 பாகையிலிருந்து அங்கே ஏறும்போது இரும்புக் குழாய் மீட்டருக்கு 1.7 மில்லிமீட்டர் நீளும். 30 மீட்டருக்கு 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் கணக்கில் வரும் தகைவு 330 மெகாபாஸ்கலைத் தாண்டும். வழக்கமாகப் போடும் ஏ106 கிரேட் பி குழாய் 240இலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். உங்கள் ஆலையில் அந்த இரண்டு அங்குலமும் போய் முட்டுவது பொயிலர் தலையிலுள்ள அரை மீட்டர்த் துண்டில். பிளாஞ்ச் ஒழுகுவதும் எல்போ வெடிப்பதும் ஒரே நோய்தான்.

தடித்த குழாய் இதைக் கூட்டும். தடிப்புக் கூடினால் குழாய் குறைவாக நீளப்போவதில்லை. விறைப்பு மட்டும் ஏறும், பொயிலர் முனையைத் தள்ளும் விசையும் சேர்ந்து ஏறும்.

கம்ப்யூட்டருக்குப் போகுமுன் ஒரு சோக்கட்டி போதும். குழாய் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு தாங்கியிலும் குழாய்க்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை ஆலை ஓடி முழுச் சூட்டுக்கு வந்ததும் எந்தக் கோடு எவ்வளவு விலகியது என்று அளந்து எழுதுங்கள். அதற்குள் பழுதைத் திருத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நகர வேண்டிய இடத்தில் நகராத தாங்கிதான் நீங்கள் தேடும் ஆள். சிலவேளை யாரோ ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று குழாயைச் சட்டத்தோடு வெல்ட் பண்ணியிருப்பார்கள். சிலவேளை உமிச்சாம்பலும் மாரி மழையும் சேர்ந்து குழாயின் சப்பாத்து (தாங்கிமேல் வழுக்க வேண்டிய அடித்துண்டு) துருவேறி ஒட்டிப்போயிருக்கும். அழுத்தம் முழுவதும் இறங்கி ஆறிய பிறகு பிளாஞ்ச் நட்டுகளையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு முகங்களும் பக்கவாட்டில் விலகிக்கொண்டால், இவ்வளவு காலமும் போல்டுதான் குழாயை இழுத்துப் பிடித்திருக்கிறது.

குழாயின் தகைவைக் கணக்குப் பார்க்கும் சீசர் 2 போன்ற மென்பொருளின் சிக்கலும் இங்கேதான். தாங்கி வழுக்கும் என்று நாம் சொன்னால் அது நம்பிவிடும். இரும்பில் இரும்பு உராய்வதற்கு உராய்வுக் குணகம் வழக்கமாக 0.3 என்று கொடுப்போம், ஒட்டிப்போன தாங்கிக்கு அந்த எண் பொருந்தாது. தளத்தைப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிற ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, தீர்வு. குழாயின் நடுவில் ப வடிவில் ஒரு வளையம். ஏ.எஸ்.எம்.ஈ. பி31.3 என்ற அமெரிக்கக் குழாய் விதிநூல் தரும் எளிய சோதனைப்படி, 89 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாய் 50 மில்லிமீட்டர் நீட்சியைத் தாங்க நேர்த் தூரத்தைவிட 4.6 மீட்டர் கூடுதல் குழாய் வேண்டும், காலுக்கு 2.3 மீட்டர். நான் 3 மீட்டர் போடச் சொல்வேன். 2.3 மீட்டர்க் கால் என்றால் பொயிலர் முனையில் 600 கிலோவுக்கு மேல் தள்ளு மிஞ்சும், 3 மீட்டரில் அது பாதிக்கும் கீழே இறங்கும். மிஞ்சுவதைப் பொயிலர் தயாரிப்பாளர் தரும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் பொறியியலாளரின் கணக்குத் தேவை, அதுவும் ஒரு நாள் வேலைதான். டர்பைனும் பெரிய பம்புகளும் உள்ள சீனி ஆலை என்றால் நிலைமை வேறு, அங்கே முழு ஆய்வு கட்டாயம்.

வளையத்தைக் கிடையாகப் படுக்கப் போடுங்கள், நிமிர்த்தினால் ஏறும் காலடியில் தண்ணீர் தேங்கும். இருபுறமும் குழாயை நேராக ஓடவிடும் வழிகாட்டிகள் வேண்டும். தாங்கிகளுக்கு இடையே 4.6 மீட்டருக்கு மேல் விடாதீர்கள்.

பெலோஸ் கெட்ட சாமான் அல்ல. ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் அதை விரிக்கப் பார்க்கும். உங்கள் அளவுக்கு அந்தத் தள்ளு அரை டன்னைத் தாண்டும். இரண்டு பக்கமும் உறுதியான நிலைத்தாங்கி இல்லாமல் போட்டால் அந்தச் சுமையும் பொயிலர் தலையில்தான் விழும். இடமிருக்கும் ஆலைக்கு வளையமே மேல்.

இன்னொன்று, இரவில் நிறுத்திக் காலையில் மூட்டும் ஆலைகளுக்கு. பி31 விதிகளில் தகைவு எல்லை ஏறக்குறைய 7000 சூடு-ஆறல் சுற்றுகள் வரை குறைக்கப்படுவதில்லை. நாளுக்கு ஒரு சுற்று என்றால் அது 19 வருடம், இரண்டு என்றால் பத்துக்கும் குறைவு. இடைவிடாமல் ஓடும் பெரிய ஆலைக் குழாயைவிட உங்கள் சின்னக் குழாய்தான் அதிகம் களைக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் காப்புறை இல்லாத குழாய் நனைந்தால் உள்ளே நீராவி தண்ணீராகிச் சேரும், வால்வைச் சட்டெனத் திறந்தால் அந்தத் தண்ணீர் போய் எல்போவில் அடிக்கும். காப்புறை போடுங்கள், நீராவி ஓடும் திசையில் சிறு சரிவு கொடுங்கள், தாழ்ந்த இடத்தில் ஸ்டீம் ட்ராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) வையுங்கள், காலையில் வால்வை மெதுவாகத் திறந்து குழாயைச் சூடேறவிடுங்கள்.

வெடித்த எல்போவை மேலே நிரப்பி வெல்ட் பண்ணாமல் வெட்டி எடுத்துப் புதிது போடுங்கள். வளையம் பொருத்தியதும் தண்ணீரால் அழுத்தச் சோதனை செய்து, பொயிலரை வழக்கமாகப் பரிசோதிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பொறியியலாளரிடம் காட்டுங்கள். பிறகு அந்தச் சோக்கட்டிக் கோடுகளை மறுபடி போட்டு அளந்தால், வளையத்துக்கு அருகே குழாய் இருபுறமும் அதை நோக்கி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும்.