மனச்சோர்வு ஏன் கூடுகிறது? பேச்சு சிகிச்சை என்ன செய்யும்?

மனச்சோர்வு வெறும் சோகம் அல்ல. இரண்டு வாரமாவது, கிட்டத்தட்ட தினமும், எதிலும் பிடிப்பில்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைவது.

முன்பு ‘நரம்புத் தளர்ச்சி’, ‘காத்து கருப்பு’ என்று ஒதுக்கியதை இன்று பெயர் சொல்லி அழைக்கிறோம். எண்ணிக்கை கூடியதில் அதற்கும் பங்குண்டு. முழுக்க அதுவல்ல. கொரோனாவின் முதல் ஆண்டில் மட்டும் மனச்சோர்வும் பதற்றமும் உலகெங்கும் 25% கூடியதாக 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தனிமை, கடன், வேலை பயம் எல்லாம் சேர்ந்துதான் இழுக்கின்றன.

செயின் கழன்ற சைக்கிளை எவ்வளவு மிதித்தாலும் நகராது. ‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்பது அப்படி மிதிக்கச் சொல்வதுதான். செயினை மாட்டக் கற்றுத்தருவது பேச்சு சிகிச்சை. உதாரணமாக, நண்பர் போனை எடுக்கவில்லை. ‘என்னை யாருக்கும் பிடிக்கல’ என்று மனம் தீர்ப்பெழுதிவிடும். சிகிச்சையாளர், ‘வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கலாமே?’ என்று கேட்பார். வீட்டுப்பாடமும் உண்டு: பத்து நிமிடம் நடந்துவிட்டு, மனநிலைக்கு மார்க் போட வேண்டும். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறை இது.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

பேச்சு சிகிச்சைக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நோய் கடுமையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள்.