மூச்சு வாங்குது சார்!

இந்த வாரம் வந்ததெல்லாம் மூச்சுக் கேள்விகள்.

நுரையீரல் பலம் பெற என்ன பயிற்சி? (தண்டையார்பேட்டை)
நுரையீரல் தானாக விரியாது, அதை விரிப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தசைகளும்தான். பயிற்சி அவற்றுக்கு. தினம் வேகநடை போங்கள், போதும்.

ஐஸ் பெட்டி தூக்கினதும் முட்டியில் கை ஊன்றிக் குனிந்தால்தான் மூச்சு வருகிறது, ஏன்? (காசிமேடு)
கை ஊன்றினால் தோள் அசையாது, உடனே மார்புத் தசையும் கழுத்துத் தசையும் விலாக்கூட்டைத் தூக்க ஒத்தாசைக்கு வந்துவிடும். பாரம் இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் அப்படி நிற்பது சகஜம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் என்றால் டாக்டரைப் பாருங்கள். வயசு எழுதவில்லை, பீடி உண்டா என்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

பையன் பாக்ஸிங் போகிறான். வயிற்றை எக்கி, நெஞ்சை நிமிர்த்தி மூச்சு இழுக்கச் சொல்கிறார் மாஸ்டர். சரியா? (வியாசர்பாடி)
இதைத்தான் எனக்கும் பள்ளிக்கூட டிரில்லில் சொன்னார்கள், நாற்பது வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். உதரவிதானம் குடை மாதிரி கவிழ்ந்து கிடக்கும் தசை. அது சுருங்கும்போது கீழே இறங்கும், சும்மா இருக்கையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், ஆழமாக இழுத்தால் பத்து வரைக்கும்கூட. அது இறங்க, குடலும் மற்றதும் முன்னால் தள்ளிக்கொடுக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் எங்கே போய் இறங்கும்? தோள்தான் காதுவரை ஏறும், கழுத்துத் தசை சீக்கிரம் களைத்துவிடும். குத்து விடும்போது 'ஸ்ஸ்' என்று ஊதுகிறானே, அங்கே வயிறு இறுகுவது சரி, வயிற்றுத் தசைதான் காற்றை வெளியே தள்ளுகிறது. ஆனால் ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்காரும் அந்த ஒரு நிமிஷம் வயிற்றைத் தளர்த்தச் சொல்லுங்கள். தொப்புள்மேல் கை வைத்துப் பாருங்கள், மூச்சு இழுக்கும்போது கை வெளியே வர வேண்டும். மாஸ்டருக்கும் வைத்துக் காட்டுங்கள்.

விக்கல்?
உதரவிதானம் திடீரென்று துள்ளுகிறது, தொண்டை படக்கென மூடுகிறது. இரண்டு நாளைத் தாண்டினால் மட்டும் டாக்டர்.

2 மாதக் குழந்தைக்கு வயிறுதான் ஏறி இறங்குகிறது, நெஞ்சு அசையவே இல்லை. பயமாக இருக்கிறது. (கொருக்குப்பேட்டை)
பயப்படாதீர்கள் அம்மா. குழந்தையின் விலா எலும்பு கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும், மேலே தூக்க இடமில்லை, அதனால் வயிறுதான் ஆடும். தொப்புள்மேல் கை வைத்துப் பாருங்கள், தெரியும். அப்புறம், மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.