லண்டன் கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) ஃபக்ஸ்ல பேப்பர் அனுப்புறது: கேட்டதும் சொன்னதும்

இங்கிலாந்து சிவில் வழக்குக்கு இவடத்த, இலங்கையில இருந்து ஃபக்ஸ் அனுப்புறவங்கட கேள்வி நிறைய வந்து கிடக்கு. அவடத்த சொலிசிட்டர் ஒபிஸ்ல சிவில் ஃபைல் பாத்தவ நான், இப்ப கல்லடியில இருக்கன். குடும்ப வழக்கும் விசாவும் என்னட்ட கேக்காதீங்க, அதுக்கு விதியே வேற.

ஆரையம்பதி தம்பி: அக்கா, ஈஸ்ட் ஹாம்ல அண்ணன்ட கடை வாடகை வழக்கு. அவர் இப்ப ஊர்ல நிக்கிறார். எதிர்வாதப் பேப்பரை கம்யூனிகேஷன் கடையில இருந்து ஃபக்ஸ் அடிச்சா கவுண்டி கோட் எடுக்குமா?

முதல் கோட்டுக்கு கோல் எடுத்து மெஷின் இன்னும் வேலை செய்யுதா எண்டு கேளுங்க தம்பி, இப்ப ஈமெயிலத்தான் கூட கேக்கிறாங்க. வேலை செய்யுது எண்டா பாக்க வேண்டியது இங்கிலாந்து சிவில் நடைமுறை விதிகளோட சேர்ந்த பிறக்டிஸ் டிரெக்ஷன் (நடைமுறை வழிகாட்டல்) 5ஏ, பந்தி 5.3. அவசரமில்லாத சாதாரண பேப்பர், காசு கட்ட வேண்டிய பேப்பர், விசாரணைக்கு ரெண்டு மணித்தியாலம் கூட இல்லாத நேரத்தில அந்த விசாரணைப் பேப்பர், ட்ரயல் பண்டில் (விசாரணைக்குச் சேர்த்துக் கட்டின பேப்பர்க் கட்டு), இதெல்லாம் ஃபக்ஸ்ல போடக்கூடாது எண்டு அதில கிடக்கு. வெறும் எதிர்வாதத்துக்கு காசில்ல. எதிர்க்கோரிக்கையும் சேர்த்தா காசு வரும், அத தவிர்க்கவே ஏலாத அவசரத்துக்கு மட்டும்தான் ஃபக்ஸ்ல விடலாம், அப்பயும் என்ன அவசரம் எண்ட விளக்கமும், காசை இண்டைக்கே தபால்ல போட்டாச்சு இல்லாட்டி அடுத்த வேலைநாள் கவுண்டர்ல கட்டுவம் எண்ட உறுதியும் அதே ஃபக்ஸ்ல இருக்கணும்.

பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கிடைச்சா கோட் திறக்கிற அடுத்த நாள்தான் கணக்கு. லண்டன் 4 மணி எண்டா நமக்கு குளிர்காலத்தில ராவு 9.30, கோடையில 8.30. நேரம் கிடக்கு எண்டு இருக்காதீங்க, கடையும் பூட்டிருவாங்க, கரண்டும் போகும். ஒவ்வொரு பக்கத்திலயும் வழக்கு இலக்கமும் பக்க நம்பரும் எழுதி, நம்மட பின்னேரம் 5 மணிக்கு முன்னம் அடிச்சி முடிங்க. மறுகா கோல் எடுத்து எத்தின பக்கம் வந்திருக்கு எண்டு கேளுங்க. கடைசி மணித்தியாலத்துக்கு வைக்கவே வைக்காதீங்க.

களுவாஞ்சிக்குடி: ஃபக்ஸ் அடிச்சிட்டு ஒரிஜினலையும் தபால்ல போடட்டா?

வேணாம். ஃபக்ஸ்ல குடுத்தா கடதாசிக் கொப்பி திரும்ப அனுப்பக்கூடாது எண்டு விதியிலயே இருக்கு. ஒரிஜினலை வீட்டில பத்திரமா வைங்க.

சம்மாந்துறை காக்கா: அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. மச்சான்ட எதிர்வாதம் வெள்ளிக்கிழமை லண்டன் நேரம் 3.57க்கு அடிக்கத் தொடங்கின, மெஷின்ட சிட்டையில ஓகே எண்டும் கிடக்கு. கோட் 4.06 எண்டு சொல்லுது. சிட்டை காணாதா?

வஅலைக்கும் ஸலாம் காக்கா. கோட்டுக்கு காணாது. அனுப்பின மெஷின் என்ன நேரம் காட்டினாலும், கோட்டுட மெஷின் வெளிய எடுத்துக் குடுக்கும் வரைக்கும் பேப்பர் தாக்கலாகல்ல எண்டு 5.3 நேராச் சொல்லுது, நேரத்துக்குப் போய்ச் சேருதா எண்டு பாக்கிற பொறுப்பும் அனுப்புறவருக்குத்தான். வெள்ளி 4.06 எண்டா திங்கக்கிழமைக் கணக்கு.

செங்கலடி அண்ணன்: அதென்ன நியாயம் தங்கச்சி? மெஷின் பிஸி எண்டா சனம் என்ன செய்யும்? என்ட சொலிசிட்டர் 4.30 எண்டுதான் சொன்னவர், சிட்டை போதும் எண்டும் சொன்னவர்.

சம்மாந்துறை காக்கா: அதத்தான் நானும் கேக்கிறன். ஒராள் 4, ஒராள் 4.30 எண்டா எத நம்புற?

ரெண்டும் சரி, ஆனா ரெண்டும் வேற வேற வேலை. கோட்டில தாக்கல் பண்றதுக்கு 4 மணி. எதிராளிக்குச் சேர்ப்பிக்கிறதுக்கு 4.30, அது விதி 6.26. அதில ஃபக்ஸ் அனுப்பி முடிஞ்ச நேரம்தான் கணக்கு, வேலைநாள்ல 4.30க்கு முன்னம் முடிஞ்சா அண்டைக்கே சேர்ந்த மாதிரி. அதால செங்கலடி அண்ணன்ட சிட்டை அவடத்த பெறுமதியான சாமான். ஆனா எதிர்ப்பக்கம் ஃபக்ஸ்ல எடுப்பம் எண்டு முன்னமே எழுத்தில காட்டியிருக்கணும். சொலிசிட்டர்ட கடிதத் தலைப்பில ஃபக்ஸ் நம்பர் இருந்தா அதுவே போதும். வழக்குப் பேப்பரில அவரவர் போட்ட நம்பரும் அப்படித்தான்.

செங்கலடி அண்ணன்: அப்ப கோட்டுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு ஒரு நீதியா?

கோட்டுட மெஷினுக்கு எத்தினயோ வழக்குட பேப்பர் வருது அண்ணன். ஒவ்வொருத்தர்ட சிட்டையையும் நம்பினா தவணை எண்டு ஒண்டு நிக்காது. இந்த இடத்தில கோட் பக்கம்தான் நான்.

கொக்கட்டிச்சோலை மகள்: அக்கா, அம்மா சாட்சி. அவக்கு இங்கிலீஷ் தெரியா. இங்கிலீஷ்ல எழுதி கையெழுத்து வாங்கி ஃபக்ஸ் அனுப்பச் சொல்றாங்க.

அப்படிச் செய்யாதீங்க பிள்ள. அம்மா எப்படிச் சொல்றாவோ அப்படியே தமிழ்ல எழுதுங்க, வயல், வேலி, குடுத்த காசு எல்லாம் அவட வாயால வந்தபடி. சொன்னது உண்மை எண்ட உறுதிமொழியும் சாட்சிட மொழியிலயே இருக்கணும், 2020 ஏப்ரல்ல இருந்து இது விதி. அதுக்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் கையெழுத்து வச்சி, மொழிபெயர்ப்பு சரி எண்டு சான்று குடுக்கணும், தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் தாக்கலாகணும். வாசிக்கத் தெரியாத பேப்பரில அம்மாவ கையெழுத்து வைக்க விட்டா, குறுக்கு விசாரணையில "இதில என்ன எழுதியிருக்கு" எண்டு கேட்டவுடன அந்த மனிசி தடுமாறிப் போகும், உண்மையச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. தமிழ் எழுத்தில பென்சில் வேணாம், கறுப்புப் பேனை, புள்ளியெல்லாம் தெளிவா. ஃபக்ஸ்ல விசிறியும் கொம்பும் அழிஞ்சி போகும்.

அக்கரைப்பற்று: நம்மட மாவட்ட நீதிமன்றத்துக்கு ஃபக்ஸ் அடிக்கலாமா?

உங்கட லோயரிட்ட கேளுங்க. பிரக்சி (லோயருக்கு நீங்க குடுக்கிற அதிகாரப் பேப்பர்) கையெழுத்தோட ஃபைல்ல இருக்கணும், வழக்குரை கையாலதான் போகும். தீர்ப்புக்கு மேல அப்பீல் எண்டா அறிவித்தல் 14 நாள், மனு 60 நாள். 14 நாள்ல ஞாயிறும் அரச விடுமுறையும் கழியும், 60ல கழியாது.

காரைதீவு: கலிபோர்னியாவிலயும் இப்படித்தானா?

அவடத்த வேற விதி, கையெழுத்து வச்ச ஒரிஜினல் உங்கட கையில இருக்கணும், எதிராளி கேட்டா காட்டணும். மிச்சம் அவடத்து லோயரிட்ட.

வாழைச்சேனை: ஒரிஜினலும் தபால்ல போடணுமா அக்கா?

களுவாஞ்சிக்குடிக்குச் சொன்னத வாசிங்க.

ஓட்டமாவடி: ஓகே சிட்டை வந்தா பயமில்லதானே?

மேல காக்காட கேள்வியில இருந்து வாசிங்க. ஒண்டு மட்டும், பளபளப்பான சுருள் பேப்பரில வந்த சிட்டை எண்டா அண்டைக்கே போட்டோ கொப்பி எடுங்க, நம்மட வெக்கைக்கு எழுத்து மங்கி வெறும் பேப்பராகிடும்.

சம்மாந்துறை காக்கா: மச்சான்ட கதைக்கு இனி என்ன வழி?

எதிர்வாதத்துக்கு 14 நாள், வழக்கு கிடைச்சத ஒப்புக்கொண்டு பேப்பர் குடுத்திருந்தா 28 நாள். அந்த ஒப்புக்கொண்ட பேப்பர அவர் குடுத்தாரா எண்டு பாருங்க, குடுத்திருந்தா தவணையே இன்னும் கிடக்கலாம். இல்லாட்டி எதிர்ப்பக்கத்திட்ட இண்டைக்கே எழுதிக் கேளுங்க, அவங்க சம்மதிச்சா விதி 15.5ல இன்னும் 28 நாள் வரைக்கும் கூட்டலாம், கூட்டினத கோட்டுக்கு எழுத்தில அறிவிக்கணும். அந்தக் கடிதத்த ஈமெயில்ல விடுங்க காக்கா.