பழுதான தையல் இயந்திரமும் ‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரியும்

கேள்வி: திண்டுக்கல்லில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் மதுரைக் கடை ஒன்றில் 28,500 ரூபாய்க்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வாங்கினேன். ஓராண்டு வாரண்டி உண்டு. இதுவரை மூன்று முறை மோட்டார் நின்றுவிட்டது. சரிசெய்து தந்தாலும் சில வாரங்களில் மறுபடியும் நின்றுவிடுகிறது. வேறு இயந்திரம் கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களுமே செல்லாது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தம் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால், அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. பலர் இந்த விளக்கத்தை அறியாமலேயே கடைக்காரரின் வார்த்தையை நம்பித் திரும்பிவிடுவது வருத்தத்துக்குரியது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பல இயந்திரங்களை நீங்கள் ஓட்டியிருந்தால் மட்டுமே இந்த வாதத்துக்கு ஓரளவு இடமிருந்திருக்கும்.

பில்லில் உள்ள ‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரி, குறையில்லாத பொருளை மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு வேண்டுமானால் பொருந்தலாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் குறிக்காதபோது 30 நாட்களுக்குள்ளோ, திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் வகைப்படுத்துகிறது.

முதலில், கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பழுதான தேதிகளைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பலன் இல்லையென்றால், இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். வாங்குபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருவதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறையை நீக்கவோ, புதிய இயந்திரம் தரவோ, விலையை வட்டியோடு திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம்; வேலை நின்றதால் ஏற்பட்ட இழப்புக்கும் ஈடு கேளுங்கள், அதற்காகத் தவறிப்போன தையல் வேலைகளைத் தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்தாக வேண்டும். அந்தக் காலத்தை முதல் பழுது நேர்ந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: வேலை கெடுகிறதே என்று வெளி மெக்கானிக்கிடம் மோட்டாரைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும். வேறொருவர் கைபட்ட மோட்டாரில் குறை எங்கிருந்து வந்தது என்று நிறுவுவது கடினம்.