பெல்கிரேட் மாணவர்கள் கேட்டது எந்தச் சோசலிசம்?

கேள்வி: 1968ஆம் ஆண்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அந்த ஜூன் மாதம் பெல்கிரேட் பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றிய மாணவர்களைச் 'சோசலிசத்துக்காகப் போராடியவர்கள்' என்று புகழ்கிறது. உற்பத்திச் சாதனங்கள் அரசின் கையில் இருப்பதுதான் சோசலிசம். யூகோஸ்லாவியாவில் அது ஏற்கெனவே இருந்தது. அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் எப்படிச் சோசலிஸ்டுகள் ஆவார்கள்? வேலை வேண்டும், விடுதி வசதி வேண்டும் என்று நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் கேட்டதற்குச் சிவப்புச் சாயம் பூசுவது நியாயமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் கேள்வியில் தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அடியில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உற்பத்திச் சாதனங்கள் அரசின் கையில் இருப்பதே சோசலிசம் என்றால், யூகோஸ்லாவியா சோசலிச நாடே அல்ல. 1948இல் ஸ்டாலினோடு உறவு முறிந்த பிறகு அந்நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சி முன்வைத்த வாதமே, அரசுடைமை வேறு, சமூகவுடைமை வேறு என்பதுதான். 1950இல் இயற்றப்பட்ட சட்டம், ஆலைகளை நிர்வகிக்கும் உரிமையை அங்கு வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் மன்றங்களுக்கு வழங்கியது; சுயநிர்வாகம் என்றது இதைத்தான். ஆலை தனியாரின் சொத்தும் அல்ல, அரசின் சொத்தும் அல்ல, சமூகத்தின் சொத்து என்பதே அந்நாட்டின் அதிகாரபூர்வக் கொள்கையாக இருந்தது. மாணவர்கள் எதிர்த்ததாக நீங்கள் சொல்லும் அரசுடைமையை, அந்த மாணவர்களை அடித்த ஆட்சியாளர்களே சோசலிசம் என்று ஏற்றுக்கொண்டதில்லை.

இது யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ கண்டுபிடித்த வாதமும் அல்ல. ஜெர்மனியில் பிரதமர் பிஸ்மார்க் ரயில் பாதைகளை அரசுடைமையாக்கியபோது, எந்த அரசுடைமையும் சோசலிசம்தான் என்று சொல்லக் கிளம்பியவர்கள் உண்டு. புகையிலைத் தொழிலை அரசு எடுத்துக்கொள்வது சோசலிசம் என்றால் நெப்போலியனையும், ஆஸ்திரிய மன்னராட்சியின் அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்களாகக் கருத வேண்டிவரும் என்று மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் அவர்களுக்கு விடை எழுதினார். சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. உழைப்பவர் எதையெல்லாம் தீர்மானிக்க முடிகிறது, விளைந்ததில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதில்தான் அது தொடங்குகிறது. பெல்கிரேட் மாணவர்கள் அந்த இடத்திலிருந்துதான் கேள்வி எழுப்பினார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு. 'புதிய பெல்கிரேட்' என்னும் நகர்ப்பகுதியில், மாணவர் விடுதிகள் நிறைந்த குடியிருப்புக்கு அருகில் நடந்த ஒரு கலைநிகழ்ச்சிக்குச் சிறிய அரங்கத்தைத்தான் ஒதுக்கினார்கள். கட்டுமானப் பணிக்காக வந்திருந்த இளைஞர் அணியினர் உள்ளே அமர்ந்துவிட, மாணவர்களுக்கு இடமில்லை என்றாயிற்று. வாசலில் தொடங்கிய கைகலப்பு, போலீஸ் வந்ததும் கலவரமாக மாறியது. மறுநாள் ஆயிரக்கணக்கான மாணவர்கள் நகர மையத்தை நோக்கி நடந்தார்கள். அவர்கள் ஏந்தி வந்தவை நாட்டின் கொடியும் கட்சிக் கொடியும் டிட்டோவின் படமும். ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சாலையில் போலீஸ் அவர்களை மறித்தது. அங்கே பேச வந்த தலைவர்களில் ஒருவர் வெல்கோ விளாஹோவிச்; முப்பதுகளில் அதே பெல்கிரேடில் கம்யூனிஸ்ட் மாணவர் இயக்கத்தில் இருந்தவர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காலை இழந்தவர். அப்படிப்பட்டவர் அங்கே இருந்தும் தடியடி நிற்கவில்லை. டிட்டோவின் படத்தைப் பிடித்திருந்த கைகளின் மீதே அடி விழுந்தது. அதன் பிறகு மாணவர்கள் கல்லூரிக் கட்டடங்களுக்குள் புகுந்து, ஏழு நாட்கள் அவற்றைத் தம் வசம் வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்துக்குக் 'கார்ல் மார்க்ஸ் சிவப்புப் பல்கலைக்கழகம்' என்று பெயர் சூட்டினார்கள்.

இனி கோரிக்கைகளுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அவை 'வேலை, விடுதி' என்று சுருங்கிவிட்டன. அந்த வாரத்தில் அவர்கள் வெளியிட்ட செயல்திட்டத்தின் முதற்பகுதி விடுதியைப் பற்றியது அல்ல, சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றியது. உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற கொள்கையை முரணின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். வருமானத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வேண்டும். உழைப்பால் அல்லாமல் பதவியாலும் ஏகபோகத்தாலும் வந்து குவியும் செல்வத்தைத் தடுக்க வேண்டும். உயர்ந்த வருமானத்துக்கு ஏறுமுக வரி விதிக்க வேண்டும். சமூகவுடைமைச் சொத்து தனியார் கைக்கு நழுவுவதை நிறுத்த வேண்டும். அடுத்து, கட்சி உள்ளிட்ட எல்லா அமைப்புகளிலும் ஜனநாயகம் வேண்டும். செய்தித்தாள்களுக்கும், கூட்டம் கூடுவதற்கும், ஊர்வலம் செல்வதற்கும் சுதந்திரம் வேண்டும். சுயநிர்வாகம் ஆலையின் வாசலோடு நின்றுவிடாமல் மேல்மட்டம்வரை செல்ல வேண்டும், அந்த அமைப்புகளில் நேரடியாக உற்பத்தியில் ஈடுபடுவோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அவர்கள் எழுப்பிய முழக்கம் 'சிவப்பு முதலாளிகள் ஒழிக' என்பது. நிதியையும் முதலீட்டையும் பதவிகளையும் தம் பிடியில் வைத்துக்கொண்டு, சட்டப்படி எதற்கும் உரிமையாளராக இல்லாமலேயே உரிமையாளரைப் போல வாழ்ந்த நிர்வாகிகளையும் கட்சி அதிகாரிகளையும் அது குறித்தது. இவற்றில் எந்தக் கோரிக்கை சோசலிசத்துக்கு எதிரானது என்று நீங்கள் எடுத்துக்காட்டினால், அதை அடுத்த இதழில் வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த மாணவர்களே இந்தச் சந்தேகத்தை எதிர்பார்த்திருந்தார்கள். தங்களுக்கெனத் தனித் திட்டம் எதுவும் இல்லை என்றும், ஆளுங்கட்சியான கம்யூனிஸ்ட் கழகத்தின் திட்டமும் அரசியல் சட்டமுமே தங்கள் திட்டம் என்றும், அவை முரணின்றி நிறைவேற்றப்பட வேண்டும் என்றுதான் கேட்பதாகவும் அறிவித்தார்கள். 1958இல் லுப்லியானா மாநாட்டில் ஏற்கப்பட்ட அந்தக் கட்சித் திட்டம், இதுவரை படைக்கப்பட்டது எதுவும், அதைவிட முற்போக்கான, சுதந்திரமான, மனிதத்தன்மை மிக்க ஒன்றுக்கு வழிவிட முடியாத அளவுக்குப் புனிதமானதல்ல என்ற கருத்தோடுதான் முடிகிறது. தந்தை எழுதிக்கொடுத்த உறுதிமொழியை மகன் எடுத்து வாசித்துக் காட்டியது போன்றது இது. ஆட்சியாளர்களுக்கு அது அவ்வளவு கடுமையாக வலித்ததற்கு நான் காண்கிற காரணமும் அதுதான்.

வேலை கேட்டதைச் சலுகைக் கோரிக்கை என்று நீங்கள் ஒதுக்குவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1965ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தம் ஆலைகளைச் சந்தைப் போட்டிக்குள் தள்ளியது, ஆட்குறைப்பு நடந்தது, படித்து முடித்த இளைஞர்கள் வேலையின்றி நின்றார்கள். மேற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கட்டடம் கட்டவும் ஆலைகளில் கூலி வேலை செய்யவும் லட்சக்கணக்கான யூகோஸ்லாவியர்கள் கிளம்பினார்கள். தொழிலாளரின் பெயரால் ஆட்சி நடக்கும் நாட்டில் தொழிலாளிக்கு வேலை இல்லை, அவருடைய உழைப்பை முதலாளித்துவ நாடு வாங்கிக்கொள்கிறது என்ற நிலையில், வேலை செய்யும் உரிமையைக் கேட்பது சோசலிசத்தின் நடுவிலிருந்து வரும் கேள்வி. அதன் ஓரத்தில் நின்று கேட்கும் சலுகை அல்ல.

அந்த ஆண்டு பெல்கிரேடில் மட்டும் இந்தக் கேள்வி எழவில்லை. போலந்தில் யாசெக் குரோனும் கரோல் மோட்செலெவ்ஸ்கியும் 1965லேயே கட்சிக்கு எழுதிய திறந்த மடலில், உற்பத்திச் சாதனங்களைத் தன் பிடியில் வைத்திருக்கும் அதிகாரவர்க்கமே அந்நாட்டின் ஆளும் வர்க்கம் என்று மார்க்சியச் சொற்களைக் கொண்டே வாதிட்டார்கள். அதற்காக அவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1968 மார்ச்சில் வார்சா மாணவர்கள் எழுந்தபோது அங்கும் தடியடிதான் கிடைத்தது. அதோடு யூத எதிர்ப்புப் பிரச்சாரமும் கட்டவிழ்த்துவிடப்பட்டது.

மாணவர்கள் தொழிலாளர்களை அடைய முடியவில்லை என்பது உண்மை. எங்கள் கட்டுரை அதைப் போதிய அளவு சொல்லவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். மாணவர் தூதுக்குழுக்களை ஆலை வாசலிலேயே நிறுத்தினார்கள். மாணவர்களைக் கண்டிக்கும் தீர்மானங்கள் ஆலைகளின் பெயரில் வந்துகொண்டிருந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் குறைவு என்பதையும் மாணவர்களே தங்கள் அறிக்கைகளில் பேசினார்கள், அதை மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்கள். 'நடுத்தர வர்க்கப் பிள்ளைகள்' என்ற உங்கள் வசையில் உண்மை உள்ள பகுதி இவ்வளவே. பேசியவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைக் கொண்டு அவர் பேசியதை அளப்பதானால், ஆலை முதலாளியின் மகனான எங்கெல்ஸை நாம் எங்கே வைப்பது?

நீங்கள் சொல்வதை டிட்டோகூட அப்போது சொல்லவில்லை. ஜூன் 9 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய அவர், மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையான இளைஞர்கள் என்றும், இந்தப் பிரச்சினைகளைத் தீர்க்கத் தம்மால் முடியாவிட்டால் தாம் அந்தப் பதவியில் இருக்கத் தேவையில்லை என்றும் கூறினார். மாணவர்கள் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு கைகோத்து ஆடினார்கள், போராட்டம் முடிந்தது. ஜூன் 26 அன்று தொழிற்சங்க மாநாட்டில் பேசியபோது அதே டிட்டோ, அந்த மாணவர்களுக்குப் பாடம் சொன்ன தத்துவப் பேராசிரியர்கள்மீது கடுமையாகப் பாய்ந்தார். தத்துவத் துறைக் கட்சிக் கிளை கலைக்கப்பட்டது. மாணவர் தலைவர்களில் ஒருவரான விளாதிமிர் மியானோவிச்சுக்கு 1970இல் சிறைத்தண்டனை கிடைத்தது.

கடைசியாக அந்தப் பேராசிரியர்களின் கதை. அவர்களில் எட்டுப் பேரை வெளியேற்றக் கட்சி பல ஆண்டுகள் முயன்றது. சுயநிர்வாக முறைப்படி அந்த முடிவை எடுக்க வேண்டியது கல்லூரியின் மன்றம். ஆசிரியர்களும் மாணவர்களும் உட்கார்ந்திருந்த அந்த மன்றம் மறுத்துக்கொண்டே இருந்தது. முடிவில், யூகோஸ்லாவியாவின் குடியரசுகளில் ஒன்றான செர்பியாவின் சட்டமன்றம் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, மன்றத்தைத் தாண்டி, 1975 ஜனவரியில் தானே அந்த எட்டுப் பேரையும் பணியிலிருந்து விலக்கியது. அவர்களோடு தொடர்புடைய 'பிராக்சிஸ்' என்ற தத்துவ இதழும் அதே ஆண்டில் நின்றது. சுயநிர்வாகத்தைக் காத்து நின்றது மன்றமா, சட்டமன்றமா என்பதை நீங்களே சொல்லுங்கள். 'சோசலிசத்துக்காகப் போராடியவர்கள்' என்ற சொற்களைக் கட்டுரையிலிருந்து நான் நீக்கப் போவதில்லை.