அறிக்கையில் 1:180, சிவப்பு எழுத்து: பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 29, முதல் கர்ப்பம். 12-வது வாரத்தில் டபுள் மார்க்கர் எடுத்தோம். ‘டவுன் சிண்ட்ரோம் 1:180, ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் வந்திருக்கிறது. பாப்-ஏ 0.45, பீட்டா எச்.சி.ஜி. 2.1. குழந்தைக்குக் குறைபாடு உறுதிதானா? வேறு லேபில் திரும்ப எடுக்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: உறுதி இல்லை. டபுள் மார்க்கர் என்பது டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ரத்தப் பரிசோதனை மட்டுமே. இதே 1:180 வந்த 180 பேரில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். 179 பேருக்கு இருக்காது. பல லேப்கள் 1:250-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. வாய்ப்பு அதைவிடக் கூடினால் கம்ப்யூட்டரே சிவப்பாக்கிவிடும். 1:240-க்கும் 1:260-க்கும் பெரிய வேறுபாடு கிடையாது, நிறம்தான் வேறு.

பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. இரண்டும் நஞ்சுக்கொடியில் உண்டாகித் தாயின் ரத்தத்தில் கலப்பவை. 0.45, 2.1 என்பவை அவற்றின் எம்.ஓ.எம். (நடு அளவின் மடங்கு) கணக்கு. அதே வாரத்தில் இருக்கும் கர்ப்பிணிகளின் நடு அளவை 1 என்று வைத்து ஒப்பிடுவது. டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் பாப்-ஏ ஏறத்தாழ பாதியாகவும் பீட்டா எச்.சி.ஜி. இரட்டிப்பாகவும் இருப்பது வழக்கம். உங்கள் எண்கள் அந்தச் சாயலில் இருப்பதால்தான், 29 வயதுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும் வாய்ப்பு 180-ல் ஒன்றாகியிருக்கிறது.

லேபை மாற்றி, நல்ல எண் வரும்வரை ரத்தம் கொடுப்பதில் பயனில்லை. அறிக்கையின் மேல் பகுதியைப் பாருங்கள்: பிறந்த தேதி, எடை, ஸ்கேனில் அளந்த குழந்தையின் நீளம், என்.டி. அளவு (ஸ்கேனில் தெரியும் குழந்தையின் பின்கழுத்து நீரின் தடிமன்), சர்க்கரை நோய், ஐ.வி.எஃப்., இரட்டைக் கரு. இவற்றில் ஒன்று தப்பினாலும் விடை தப்பும். அதிகம் தப்புவது நாள் கணக்கு. பாப்-ஏ வாரத்துக்கு வாரம் வேகமாக ஏறும். உண்மையில் 11 வாரக் கருவை 12 என்று எழுதினால் 0.8 கூட 0.5 போலத் தெரியலாம். என்.டி. சேர்க்காமல் ரத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்ட அறிக்கைகளும் வருகின்றன. அதற்கு மதிப்புக் குறைவு. விவரம் தவறென்றால் லேபிலேயே திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள், புதிதாக ரத்தம் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் 1:180 என்றால் இரண்டு வழி. என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை டவுன் சிண்ட்ரோமில் 100-க்கு 99-ஐக் கண்டுபிடிக்கும். ஆனால் அது பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டி.என்.ஏ.வை, ஆகவே அதுவும் வடிகட்டிப் பார்க்கும் சோதனைதான், முடிவல்ல. முடிவு தெரிய 16-வது வாரம் வாக்கில் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். கருச்சிதைவு அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முதற்கட்ட விடை சில நாட்களில் வரும், முழு குரோமோசோம் விடைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்பு உருவாகாமல் தடுப்பது) பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 17-வது வாரத்தில் குவாட்ரபிள் டெஸ்டில் (நான்கு பொருட்களை அளக்கும் ரத்தப் பரிசோதனை) ஏ.எஃப்.பி. 2.8. முதுகெலும்புக் கோளாறு என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: இதுவும் எம்.ஓ.எம். கணக்குதான். 2.5-க்கு மேல் போனால் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் பொருள். ஏ.எஃப்.பி. குழந்தையின் கல்லீரலில் உண்டாகும் புரதம். முதுகோ வயிற்றுச் சுவரோ மூடாமல் திறந்திருந்தால் கூடுதலாகக் கசிந்து தாயின் ரத்தத்துக்கு வரும். இரட்டைக் குழந்தை என்றாலும், வாரத்தைக் குறைத்து எழுதியிருந்தாலும் ஏறும். நல்ல ஸ்கேன் மருத்துவர் முதுகோடு தலையையும் பார்ப்பார்: முதுகு திறந்திருந்தால் மண்டை ஓடு எலுமிச்சை வடிவிலும் சிறுமூளை வாழைப்பழம் போலவும் தெரியும். (பழக்கடைப் பெயர்கள்தான், ஆனால் நம்பகமான அடையாளங்கள்.) தோல் மூடிய கோளாறில் ஏ.எஃப்.பி. ஏறாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால், கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் வளர்ச்சியையும் மனைவியின் ரத்த அழுத்தத்தையும் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு டவுன் சிண்ட்ரோம் 1:4200. அனாமலி ஸ்கேனை (குழந்தையின் உறுப்புகளில் கோளாறு உண்டா என்று பார்ப்பது) தவிர்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கூடாது. இதயம், சிறுநீரகம், உதட்டுப் பிளவு பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.